சாமி ஒருவரை விட்டுப் போவது எப்படி?

போன மாசியில் எங்கள் குலசாமி கோயிலில் ஒரு காதுகுத்து. சிவகங்கைப் பக்கம், கண்மாய்க் கரையோரமாகக் கூரையில்லாத கோயில். அண்ணன் மகன் காலையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தான், பொங்கல் வைக்க அடுப்புக்கல் கூட்டினான், பந்தியில் இலை போட்டான். பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டியபோது மட்டும் ஒரு எட்டு பின்னால் போய்விட்டான். நடந்தது அவ்வளவுதான். கறிச்சோறு முடிவதற்குள் அவனைப் பற்றி நான்கு தீர்ப்பு வந்துவிட்டது.

"மெட்ராஸ் போய்க் கெட்டுட்டான், அங்க எல்லாம் சொகுசு" என்றார் பெரியப்பா. "ரொம்பப் படிச்சா மூளை குறுக்கதான் ஓடும்" என்றார் தாய்மாமா. அவன் தாத்தாவின் தங்கையான அத்தை குரலைத் தாழ்த்தி, "எங்கண்ணன் போனதுல இருந்தே அவனுக்குச் சாமி மேல கோவம்" என்றாள். மச்சான் மட்டும் உறுதியாக இருந்தார்: "எவனாவது கட்சிக்காரன் பேச்சைக் கேட்டிருப்பான்."

சொகுசு, படிப்பு, துக்கம், கட்சி. எந்த ஊருக்குப் போனாலும் இந்த நான்கையும்தான் கேட்கலாம். கடவுள் உண்டா இல்லையா என்பதற்குள் நான் போகப் போவதில்லை. நம்பிக்கை ஒருவரை விட்டு எப்படிப் போகிறது என்பது வேறு கேள்வி. அதைப் பற்றி உளவியல்காரர்களும் சமூகவியல்காரர்களும் கடந்த இருபது வருடங்களில் நிறையவே தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். நம் வீட்டு நான்கு தீர்ப்பையும் அந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில், யாரை நாத்திகர் என்கிறோம்?

பழைய தத்துவ நூல்களில் நாத்திகன் என்றால் வேதத்தை ஏற்காதவன். அந்தக் கணக்கில் பௌத்தர், சமணர், உலகாயதர் எல்லாருமே நாத்திகர். உலகைப் படைத்த கடவுள் ஒருவர் தேவையில்லை என்று சொன்ன சாங்கியமும் மீமாம்சையும் வேதத்தை ஏற்றதால் ஆத்திகப் பக்கம் உட்கார்ந்தன! மணிமேகலையில் சமயக் கணக்கர் ஒவ்வொருவராக வந்து தம் கொள்கையைச் சொல்லும் காதையில், நிலம், நீர் போன்ற பூதங்கள் சேர்ந்து உணர்வு உண்டாகிறது, பிரிந்தால் போய்விடுகிறது என்று வாதிடும் பூதவாதியும் ஒருவர். ஆக, இது நேற்று கப்பலில் வந்திறங்கிய சரக்கு அல்ல.

இன்றைக்கு நாத்திகர் என்றால் கடவுள் இருப்பதாக நம்பாதவர். இருக்கிறாரா இல்லையா என்று அறிய வழியில்லை என்பவர் அறியொணாவாதி. அதற்கான ஆங்கிலச் சொல்லை 1869-இல் உருவாக்கியவர் தாமஸ் ஹக்ஸ்லி என்ற ஆங்கிலேய உயிரியலாளர். மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு, அதுதான் பெரியது: எந்த மதமும் இல்லை என்று மட்டும் சொல்பவர்கள். ப்யூ ஆய்வு மையம் 2023-24-இல் எடுத்த கணக்கின்படி அமெரிக்கப் பெரியவர்களில் 29 சதவீதம் பேர் மதம் சாராதவர்கள். அதில் தன்னை நாத்திகர் என்று சொன்னவர்கள் மொத்த மக்களில் 5 சதவீதம்தான். மீதிப் பேரில் பெரும்பாலோர் குறிப்பாக எந்த மதமும் இல்லை என்று மட்டும் சொன்னவர்கள்.

மதச்சார்பின்மை என்ற சொல்லையும் இதோடு போட்டுக் குழப்புகிறோம். அது அரசு நடந்துகொள்ளும் முறை. தினமும் மூன்று வேளை பூசை செய்பவரும் மதச்சார்பற்ற அரசு வேண்டும் என்று கேட்கலாம்.

ஓட்டல்காரரின் டிபன் கேரியர்

நம்பிக்கை போவதைப் புரிந்துகொள்ள, அது வருவதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு ஊரில் இரண்டு ஓட்டல் என்று வையுங்கள். இரண்டிலும் "வீட்டுச் சாப்பாடு போல" என்று போர்டு. ஒருவர் தினமும் மதியம் தன் கடைச் சாப்பாட்டையே இலை போட்டுச் சாப்பிடுகிறார், பிள்ளைகளையும் அங்கேயே சாப்பிட வைக்கிறார். இன்னொருவர் பன்னிரண்டரை மணிக்கு வீட்டிலிருந்து வரும் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் ஒதுங்குகிறார். நீங்கள் எந்தக் கடையில் சாப்பிடுவீர்கள்? போர்டைப் படித்து யாரும் முடிவு செய்வதில்லை. போர்டு எழுதியவர் என்ன செய்கிறார் என்று பார்க்கிறோம்.

குழந்தைகள் நம்பிக்கையைப் பெறுவதும் இப்படித்தான் என்று 2009-இல் ஜோசப் ஹென்ரிக் என்ற ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு விஷயத்தை நம்பாதவர் செய்யவே மாட்டார் என்னும்படியான, செலவோ வலியோ உள்ள செயல்தான் அந்த நம்பிக்கையை அடுத்தவருக்குக் கடத்துகிறது. இதை 'விலைகொடுத்த சாட்சி' என்று வைத்துக்கொள்வோம். "சாமி இருக்கு" என்று நூறு தடவை சொல்வதைவிட, காய்ச்சலோடு விரதமிருக்கும் பாட்டியை ஒருமுறை பார்ப்பது ஆழமாகப் பதியும்.

எங்கள் ஐயா, அதாவது அந்தப் பையனின் தாத்தா, முளைப்பாரி போட்ட நாளிலிருந்து திருவிழா முடியும்வரை காலில் செருப்புப் போடமாட்டார், கவிச்சி தொடமாட்டார், கடையை நாலு மணிக்கே சாத்திவிடுவார். வியாபாரம் கெடும் என்று தெரிந்தே சாத்துவார். அண்ணன் வீட்டில் பூசை அலமாரி ஐயா வீட்டில் இருந்ததைவிடப் பெரிது, தேக்கில் செய்தது. உள்ளே சீரியல் பல்பு ஓடும். ஆயுத பூசைக்குப் பொட்டு வைத்த கையோடு அண்ணன் வேலைக்குப் போய்விடுவான். நம்பிக்கை இல்லாதவன் அல்ல, கேட்டால் "சாமி இல்லாம எப்படி?" என்பான். ஆனால் அவன் மகன் இருபத்திரண்டு வருடத்தில் அப்பா சாமிக்காக எதையாவது இழந்து பார்த்தது கிடையாது.

2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று நாத்திகத்துக்குச் சொல்லப்படும் காரணங்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்த்தது. வாழ்க்கைப் பாதுகாப்பு, பகுத்தாயும் பழக்கம் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வந்தது இதுதான்: சிறுவயதில் வீட்டில் விலைகொடுத்த சாட்சிகளைக் குறைவாகப் பார்த்தவர்களே பின்னாளில் நம்பாதவர்களாக இருக்க அதிக வாய்ப்பு.

சுருக்கமாகச் சொன்னால், நம்பிக்கை வாயால் மட்டும் கடத்தப்படுவதில்லை, கையாலும் காலாலும் கடத்தப்படுகிறது. ஒரு தலைமுறை அந்தக் கைவேலையை நிறுத்தினால், அடுத்த தலைமுறையில் நம்பிக்கை யாரும் தள்ளாமலே சரியலாம்.

மாமாவின் தீர்ப்பு: படிப்பு

"படித்தவன் நம்பமாட்டான்" என்பதில் ஒரு வேடிக்கை, ஆத்திகர் இதைக் குறையாகவும் நாத்திகர் பெருமையாகவும் சொல்வார்கள். இரண்டு பேருக்கும் பிடித்த காரணம் என்பதாலேயே எனக்குச் சந்தேகம்.

ஒரு கணக்கு. மட்டையும் பந்தும் சேர்ந்து 110 ரூபாய். மட்டை, பந்தைவிட 100 ரூபாய் அதிகம். பந்து என்ன விலை? மனதில் சட்டென்று வருவது 10. சரியான விடை 5. முதலில் வரும் பதிலை நிறுத்தி வைத்துச் சரிபார்க்கும் பழக்கத்துக்குப் பகுத்தாய்வுச் சிந்தனை என்று பெயர். இத்தகைய கணக்குகளைச் சரியாகப் போடுபவர்களிடம் மத நம்பிக்கை சற்றுக் குறைவு என்று சில ஆய்வுகள் சொன்னன. 2012-இல் ஒரு ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ரோடின் என்ற சிற்பி வடித்த, மோவாயைக் கையில் தாங்கி யோசிக்கும் மனிதனின் சிலைப் படத்தைப் பார்த்தாலே கடவுள் நம்பிக்கை குறைகிறது என்றது. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். 2017-இல் வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையை நிறையப் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது ஒன்றும் குறையவில்லை. பல நாடுகளில் ஒப்பிட்டபோதும் கணக்குக்கும் கடவுளுக்கும் உள்ள தொடர்பு மெலிசானது, நாட்டுக்கு நாடு மாறுவது என்றுதான் தெரிந்தது.

அதற்காக யோசித்து விட்டவர்களே இல்லை என்று சொல்ல முடியாது. பகத்சிங் அப்படிப்பட்டவர். ஆரிய சமாஜக் குடும்பம், லாகூர் விடுதியில் காயத்ரி மந்திரம் மணிக்கணக்காகச் சொன்ன பையன். 1926 முடிவதற்குள் படித்தும் வாதித்தும் நம்பிக்கையை விட்டிருந்தார். 1930 அக்டோபரில் சிறையிலிருந்து அவர் அதைப் பற்றி எழுதியதே, "திமிரால்தான் நீ நாத்திகன் ஆனாய்" என்று சொன்னவர்களுக்குப் பதிலாகத்தான். அந்தக் கட்டுரையைத் தமிழில் பெயர்த்ததற்காகப் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா கைதானார். ஆனால் இப்படி வாதத்தின் வழியே வெளியேறுபவர்கள் நிறைய எழுதுவார்கள், பேசுவார்கள். அதனால் எண்ணிக்கைக்கு மீறிக் கண்ணில் படுவார்கள். பேசாமல் போனவர்கள் எதையும் எழுதி வைப்பதில்லை.

அத்தையின் தீர்ப்பு: துக்கம்

இதுதான் அன்பான தீர்ப்பு. ஆனால் ஒன்றை யோசியுங்கள்: ஒருவர் மேல் கோபப்பட வேண்டுமென்றால் அவர் இருக்க வேண்டும். "ஏன்டா என் பிள்ளையை எடுத்துக்கிட்ட?" என்று சன்னதியில் நின்று திட்டுபவர் நாத்திகர் அல்ல, உறவு அறுந்துவிடாத பக்தர்.

துக்கம் பல நேரம் எதிர்ப் பக்கமாகத்தான் தள்ளுகிறது. 2011 பிப்ரவரியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் நிலநடுக்கம் வந்து 185 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் ஒரே ஆட்களிடம் கேள்வி கேட்டுவந்த ஒரு ஆய்வு தற்செயலாக நடுவில் இருந்தது. நாட்டில் மற்ற இடங்களில் மத ஈடுபாடு குறைந்துகொண்டிருக்க, நிலநடுக்கத்தில் அடிபட்டவர்களிடம் மட்டும் அது கொஞ்சம் கூடியிருந்தது. சார்லஸ் டார்வினின் பத்து வயது மகள் ஆனி 1851-இல் இறந்தாள். அதோடு அவர் நம்பிக்கை போயிற்று என்று கதை சொல்வார்கள். அவரோ தன் வாழ்க்கைக் குறிப்பில், நம்பிக்கையின்மை மிக மெதுவாகத் தன்மேல் ஊர்ந்து வந்ததால் துயரமே தெரியவில்லை என்றுதான் எழுதினார்.

துக்கத்தைவிட வலுவானது ஒன்று உண்டு: அவமானம், அநீதி. சாமி செய்ததாக நினைப்பதைவிட, சாமியின் பேரால் ஆட்கள் செய்வது. ஓட்டல் உதாரணத்துக்கே போனால், இது டிபன் கேரியரைவிட மோசம். சமையலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டது போல. அயர்லாந்தைப் பாருங்கள். குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளைத் திருச்சபை மூடி மறைத்தது 2009-இல் அரசு விசாரணை அறிக்கைகளாக வெளியே வந்தது. 2011 கணக்கெடுப்பில் 84 சதவீதமாக இருந்த கத்தோலிக்கர் 2022-இல் 69 சதவீதம் ஆனார்கள். வேறு காரணங்களும் உண்டு என்றாலும், நற்சாட்சியாக இருக்க வேண்டியவர்களே எதிர்ச்சாட்சி ஆனது அதில் முக்கியமானது.

நமக்குத் தெரிந்த கதை காசியில் நடந்தது. 1904 வாக்கில், இருபத்தைந்து வயது ஈ.வெ.ராமசாமி பசியோடு ஒரு சத்திரத்துக்குள் நுழைய, பிராமணருக்கு மட்டுமே சோறு என்று வெளியே தள்ளப்படுகிறார். தெருவில் விழுந்த எச்சில் இலையில் மிஞ்சியதை எடுத்துச் சாப்பிடுகிறார். சத்திரத்தைக் கட்டியவரோ பிராமணர் அல்லாத ஒரு வணிகர். கதை பொதுவாக இங்கே முடியும்: அன்றே பெரியார் நாத்திகர் ஆனார் என்று. ஆகவில்லை. ஊர் திரும்பி ஈரோட்டில் தேவஸ்தானக் கமிட்டியில் இருந்து கோயில் நிர்வாகம் பார்த்தார், அதையும் ஒழுங்காகவே பார்த்தார் என்பார்கள். 1925-இல் குடிஅரசு இதழ் தொடங்கியபோது அதைத் திறந்து வைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் சுவாமிகள், ஒரு சைவ மடாதிபதி! வெளிப்படையான கடவுள் மறுப்பு அதற்கும் பிறகுதான் படிப்படியாக வருகிறது. காசியிலிருந்து எண்ணினால் இருபது வருடத்துக்கு மேல்.

இந்த இடத்தில் நின்று ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். கேட்பவருக்கு ஒரு நாள், ஒரு சம்பவம் வேண்டும். கதை அப்போதுதான் நிற்கும். நடப்பது பெரும்பாலும் மெல்லத் தேய்வது.

பெரியப்பாவின் தீர்ப்பு: சொகுசு

மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் நூறு வருடங்களுக்கு முன் நியூகினிக்கு அருகே உள்ள ட்ரோபிரியாண்ட் தீவுகளில் ஒன்றைக் கவனித்தார். அங்கே மீனவர்கள் அமைதியான காயலில் மீன்பிடிக்கும்போது மந்திரம், சடங்கு எதுவும் செய்வதில்லை. திரும்பி வருவோமா என்று தெரியாத ஆழ்கடலுக்குப் போகும்போது விரிவான சடங்குகள். பொதுத்தேர்வு வாரத்தில் பிள்ளையார் கோயிலில் குவியும் பேனாக்களைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல.

இதையே நாடுகளுக்கு விரித்தார்கள் பிப்பா நோரிஸ், ரொனால்ட் இங்கிள்ஹார்ட் என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள், 2004-இல். நாளைக்குச் சோறு உண்டா, நோய் வந்தால் யார் பார்ப்பார், பிள்ளை பிழைக்குமா என்ற பயம் குறைவதற்கு வாழ்வுப் பாதுகாப்பு என்று பெயர். அது தலைமுறை தலைமுறையாக இருக்கும் இடத்தில் மதம் இளைக்கிறது என்பது அவர்கள் வாதம். அரசே பார்த்துக்கொள்ளும் மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் உள்ள டென்மார்க், ஸ்வீடன் அதற்குப் பொருந்துகின்றன.

நம் ஊரில் இது அவ்வளவு நேராக ஓடவில்லை. அம்மை நோயை மாரியம்மனோடு சேர்த்துத்தான் நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975-இல். 1980-இல் உலகத்திலேயே ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். பயம் போயிற்று. சமயபுரத்தில் கூட்டம் குறைந்ததா? அம்மன் இப்போது விசாவையும் வீட்டுக்கடனையும் பார்த்துக்கொள்கிறாள். பழைய பயம் ஒன்று போனால் புதியது நாலு வருகிறது என்பது ஒரு காரணம். திருவிழா என்பது பயத்தின் விஷயம் மட்டுமில்லை, சொந்தபந்தம் கூடும் இடமும்கூட என்பது இன்னொன்று. பெரியப்பா சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் சென்னையில் பத்துக்குப் பத்து அறையில் மூன்று பேரோடு தங்கிப் படிப்பவனிடம் சொகுசு என்று சொன்னால் அவன் சிரிப்பான்.

மச்சானின் தீர்ப்பு: கட்சி

இயக்கம் என்ன செய்யும்? ஏற்கெனவே சந்தேகப்படுபவருக்குச் சொல் கொடுக்கும், துணை கொடுக்கும். சென்னையில் 1882 முதல் 1888 வரை தத்துவ விவேசினி என்ற தமிழ் வார இதழை ஒரு சிறு கூட்டம் நடத்தியது. மதங்களைக் கேள்வி கேட்பதுதான் அதன் வேலை. அதற்கு நாற்பது வருடம் கழித்துச் சுயமரியாதை இயக்கம் வந்தபோது அது ஊர் ஊராகப் பரவியது. எதனால் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன்: விலைகொடுத்த சாட்சி நாத்திகத்துக்கும் பொருந்தும்.

1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. இப்படிக் கல்யாணம் செய்தவர்களை ஊர் பேசியது. அது போதாதென்று, 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய திருமணம் ஒன்று செல்லாது என்றது. பிள்ளைகளின் சொத்துரிமையே கேள்விக்குறி. அண்ணா முதல்வரான பின் 1967-இல் சட்டம் திருத்தப்பட்டுத்தான் அவை செல்லுபடி ஆயின. அதுவரை அப்படிக் கல்யாணம் செய்துகொண்டவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, அப்பா இதை உண்மையாகவே நம்புகிறார் என்று தெரியும்.

இன்று அதே வீட்டுப் பேரன்? கூடத்தில் தாத்தா பெரியாரோடு நிற்கும் படம் மாலையோடு தொங்குகிறது. பேரன் புது பைக்குக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறான். இதைச் சிலர் துரோகம் என்பார்கள், சிலர் சாமியின் வெற்றி என்பார்கள். எனக்கு அண்ணன் வீட்டுச் சீரியல் பல்புதான் நினைவுக்கு வருகிறது.

மேலிருந்து திணித்தாலும் இதே கதிதான். எழுபது வருட சோவியத் நாத்திகப் பிரச்சாரத்துக்குப் பின், தன்னை ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் என்று சொன்ன ரஷ்யர்கள் 1991-இல் 31 சதவீதம், 2008-இல் 72 சதவீதம்.

அப்படியானால் எத்தனை பேர்?

இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாத்திகர் என்று பதிவானவர்கள் சுமார் 33,000 பேர். தமிழ்நாட்டில் ஆயிரத்துச் சொச்சம். திருச்சியில் ஒரு மாநாட்டுப் பந்தலில் அதைவிட அதிகக் கருப்புச் சட்டையைப் பார்க்கலாம். மதம் என்ற கட்டத்தில் வீட்டுப் பெரியவர் சொல்வதைக் கணக்கெடுப்பவர் எழுதிக்கொண்டு போகிறார். சாதிச் சான்றிதழிலும் மதம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2019-இல் திருப்பத்தூரைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் சாதி, மதம் அற்றவர் என்று சான்றிதழ் வாங்கியபோது அது செய்தியானது, அவ்வளவு அபூர்வம்.

வெளியே சொல்ல முடியாததை எண்ணுவதற்கு ஆய்வாளர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்குச் சாதாரண வாக்கியங்கள் சில கொடுப்பார்கள்: நாய் வளர்க்கிறேன், சைவம் சாப்பிடுகிறேன், இப்படி. எது என்று சொல்ல வேண்டாம், எத்தனை பொருந்தும் என்ற எண்ணை மட்டும் சொன்னால் போதும். இன்னொரு கூட்டத்துக்கு அதே பட்டியலோடு "கடவுள் இருப்பதாக நம்பவில்லை" என்பதையும் சேர்த்துவிடுவார்கள். இரண்டு கூட்டத்தின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம்தான் விடை. யாரும் மாட்டிக்கொள்ளவில்லை, கணக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் இப்படிச் செய்தபோது சுமார் 26 சதவீதம் என்று வந்தது. எண் துல்லியமா என்று சர்ச்சை உண்டு. ஆனால் நேரடியாகக் கேட்டால் கிடைக்கும் எண்ணைவிட அது பல மடங்கு.

வேனில் திரும்பும்போது

சாயங்காலம் வேனில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மடியில் மிச்சக் கறி வாளி. அத்தை சொன்னதை அவனும் கேட்டிருக்கிறான்.

"கோவமெல்லாம் இல்ல சித்தப்பா. தாத்தா இருந்தப்பவே இல்ல."

"எப்ப இருந்துடா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "பன்னண்டாவது பரீட்சைக்குக் கிளம்பும்போது திருநீறு பூச மறந்துட்டேன். மறந்ததே சாயங்காலம் முகம் கழுவுறப்பதான் தெரிஞ்சுச்சு. அதுக்கு முன்னாடி எப்பன்னு கேட்டா, தெரியல."

முன் சீட்டில் அத்தை திரும்பிப் பார்த்தாள். வாளி ஆடுகிறது, கெட்டியாகப் பிடி என்றாள்.